டயரில் பட்டன் இருக்கிறதே, மாற்றத்தான் வேண்டுமா?

திண்டுக்கல் பக்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, கூடவே ஒன்பது போட்டோக்களும் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பது 2009-இல் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். கணவர் ஆசையாக வாங்கியது. அவர் தவறி மூன்று வருடம் ஆகிறது. அதன்பிறகு ஒன்றரை வருடம் கார் ஷெட்டிலேயே நின்றிருக்கிறது. விற்க மனசில்லை. ஆர்.சி.யை 2029 வரை ஏற்கெனவே புதுப்பித்தாயிற்று என்பதால், டிரைவிங் கற்றுக்கொண்டு இப்போது தானே ஓட்டுகிறார். மாதம் ஒருமுறை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வருகிறார்.

போன ஐப்பசி மழையில் மலையிறங்கும்போது ஒரு வளைவில் பிரேக்கை அழுத்த, வண்டியின் பின்பக்கம் சறுக்கி, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறது. அது தவிர, முன் இடது சக்கரத்தில் வாரத்துக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது. ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மருமகன் பதினாறு இன்ச் அலாய் வீலும் புது டயரும் சேர்த்து 54,000 ரூபாய்க்கு விலை விசாரித்து வைத்திருக்கிறார். தெரிந்த மெக்கானிக், ஒரு ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய பதினைந்து இன்ச் அலாய் செட்டை, அதிலிருக்கும் டயரோடு, 19,000-க்குத் தருவதாகச் சொல்கிறார். பஞ்சர் கடைத் தம்பி, "டியூப் போட்டுடலாம்மா, அறுநூறு ரூபாய்தான்" என்கிறார். இவருடைய சொந்தக் கணக்கு வேறு: "டயர்களில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்கிறது, 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஸ்டெப்னி ஒருமுறைகூட உபயோகிக்காத புத்தம் புது டயர். அதை முன்னால் மாட்டிக்கொண்டு, தேவைப்பட்டால் இன்னொன்று மட்டும் வாங்கினால் போதாதா?"

சகோதரி, நான் ஆட்டோமொபைல் இன்ஜினீயர். இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக, இடிபட்டுக் கிடந்த வண்டிகளைக் குனிந்து பார்த்தே காலம் ஓடிவிட்டது. அந்தப் பழக்கத்தில் உங்கள் போட்டோக்களில் நான் முதலில் தேடியது பட்டனை இல்லை, டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தை. உங்கள் முன் டயரில் அது 3217. அதாவது 2017-ஆம் வருடத்தின் 32-ஆவது வாரம், ஆகஸ்ட் மாதம் செய்தது. நீங்கள் புத்தம் புதுசு என்று எழுதியிருக்கும் ஸ்டெப்னியில் 1109. 2009 மார்ச்! காரோடு வந்த டயர் அது. அதில் மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் நூல்கள்கூட உதிரவில்லை, பார்க்கப் புதுசாகத்தான் தெரியும். ஆனால் அதை மாட்டிக்கொண்டு தயவுசெய்து மலை ஏற வேண்டாம்.

ரப்பர் ஓடினால்தான் தேயும், ஆனால் ஓடாமலே கெடும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் அதை மெல்ல மெல்ல இறுக வைக்கின்றன. இதைத் தடுக்க டயர் செய்யும்போதே ஒரு மெழுகையும் சில ரசாயனங்களையும் ரப்பரில் கலக்கிறார்கள். வண்டி ஓடி, டயர் அமுங்கி விரியும்போதுதான் அவை வெளிப்பரப்புக்கு வந்து காப்பு கொடுக்கும். நின்றே கிடக்கும் டயருக்கு அந்தக் காப்பு சரியாகக் கிடைப்பதில்லை. உங்கள் நான்காவது போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தின் அடியிலும், ரிம்முக்குப் பக்கத்திலும், வெயிலில் காய்ந்த குளத்து மண் மாதிரி மெல்லிய கீறல்கள் ஓடுகின்றன. ஒன்றரை வருடம் ஒரே இடத்தில் நின்றதன் விளைவு அது. ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது பெரிய டயர் கம்பெனிகள் சொல்லும் கணக்கு. நம் வெயிலுக்கு, அதிலும் நின்றே கிடந்த வண்டிக்கு, அவ்வளவு நாள் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சட்டப்படி கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உங்களுடையதில் ஐந்துக்கு மேல் இருக்கும் போலிருக்கிறது. போலீஸ் பிடித்தால் தப்பிவிடுவீர்கள். ஆனால் ஈரத்தார் ரோட்டைப் பிடிப்பதற்கு ஆழம் மட்டும் போதாது, ரப்பரும் மிருதுவாக இருக்க வேண்டும். பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளும். ரோட்டைக் கவ்வுவது ரப்பர். காரைத் தரையோடு சேர்த்துப் பிடித்திருப்பது நம் உள்ளங்கை அளவில் நான்கு துண்டு ரப்பர்தான். அன்றைக்கு வளைவில் அந்த நான்கும் செருப்பின் தேய்ந்த அடிப்பாகம் மாதிரி வழுக்கியிருக்கின்றன. "எனக்கு ஓட்டத் தெரியவில்லையோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கென்னவோ பழியில் பெரும்பங்கு டயருடையது என்றுதான் தோன்றுகிறது. டயர் மாற்றும் அன்றைக்கே பிரேக்கையும், முக்கியமாகப் பின் டிரம்களைத் திறந்து, ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். நின்ற வண்டியில் அதுவும் இறுகியிருக்கலாம்.

டியூப் வேண்டவே வேண்டாம்

பஞ்சர் கடைத் தம்பி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊர் ஊராக இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் டியூப்லெஸ் டயரின் உட்புறம் டியூபுக்காகச் செய்யப்பட்டதில்லை. உள்ளே இருக்கும் வரிகளில் டியூப் உரசும், சூடேறும். ஆணி ஏறினால் டியூப்லெஸ் டயரில் காற்று மெதுவாக இறங்கும், ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். டியூப் போட்டதில் சட்டென்று மொத்தமும் போய்விடும். மலையிறக்கத்தில் முன் சக்கரம் அப்படிப் போனால் என்னவாகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வாராவாரம் காற்று இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் சின்னதுதான். இரும்பு ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் துரு ஏறியிருக்கும், அல்லது காற்று அடிக்கும் வால்வின் ரப்பர் வெடித்திருக்கும். டயரைக் கழற்றி, அந்த விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிட்டு, விளிம்புக்கு என்றே விற்கும் சீலரைப் பூசி மாட்டினால் நின்றுவிடும். புது டயர் போடும்போது வால்வுகளையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். நைட்ரஜன் அடித்தால் இறங்காதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். துரு வழியாக சாதாரணக் காற்று போனால் நைட்ரஜனும் போகும். நாம் அடிக்கும் காற்றிலேயே ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான்.

ஏழாவது போட்டோவில் முன் இடது ரிம்மின் உள் விளிம்பு ஓரிடத்தில் மடங்கின மாதிரி தெரிகிறது. நான்கு ரிம்களையும் வெறுமனே, டயர் இல்லாமல், பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆட்டம் கண்ணுக்கே தெரியும். விளிம்பில் லேசான மடிப்பு என்றால் பெண்ட் எடுத்துவிடலாம். நட்டு மாட்டும் ஓட்டைகள் நீண்டிருந்தாலோ, எங்காவது வெடிப்பு இருந்தாலோ, வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள். அந்த ஒரு ரிம்மை மட்டும் புது இரும்பு ரிம்மாக வாங்கிக்கொள்ளலாம். 1,900 ரூபாய் என்று உங்கள் கடைக்காரர் சொன்ன விலை நியாயமானதுதான்.

அலாய் வீல் பற்றி

அலாய் அழகு. அதை மறுக்கவில்லை. மருமகன் அக்கறையோடுதான் விசாரித்திருக்கிறார், அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் பிரச்சினை ரப்பரில் இருக்கிறது. 54,000-இல் பாதிக்கு மேல் உலோகத்துக்குப் போகிறது.

உங்கள் காருக்கு கம்பெனி கொடுத்த அளவு 165/80 ஆர்14. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர். 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர் வருகிறது. மருமகன் சொல்லும் 195/55 ஆர்16-க்கும் மொத்த விட்டம் ஏறக்குறைய அதே 621தான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பக்கச்சுவர் 107 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே மெத்தையாக இருப்பது அந்தச் சுவர்தான். இரண்டரை சென்டிமீட்டர் மெத்தையை உருவிவிட்டு, மழைக்குப் பிந்தைய மலைப்பாதையில் ஓட்டினால் அலாய் விளிம்பு உடையும், உங்கள் இடுப்பும் பேசும். இந்தக் காரின் இன்ஜினுக்கு அகலமான, கனமான சக்கரம் ஏற்றத்தில் கூடுதல் சுமை வேறு.

ஹோண்டா சிட்டி செட்டில் வேறு சிக்கல். நான்கு ஓட்டைகளும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் இருப்பது இரண்டு காருக்கும் பொது. அதனால் மாட்டிப் பார்த்தால் சமர்த்தாக உட்காரும், மெக்கானிக்கும் "பர்ஃபெக்ட்" என்பார். ஆனால் நடு ஓட்டை சிட்டியில் 56.1, உங்கள் காரில் சக்கரம் உட்காரும் ஹப்பில் 54.1 மில்லிமீட்டர். இடையில் அந்த இரண்டு மில்லிமீட்டரை அடைக்கும் வளையம் போடாவிட்டால் சக்கரம் நட்டுகளின் பலத்தில் மட்டும் நிற்கும், எழுபது எண்பதில் ஸ்டீயரிங் நடுங்கும். நட்டையும் கவனிக்க வேண்டும். மாருதியின் மரை 1.25 மில்லிமீட்டர் இடைவெளி, ஹோண்டாவுக்கும் ஹூண்டாய்க்கும் 1.5. செட்டோடு கொடுக்கும் நட்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றினால் ஏறும், அப்புறம் இறுகும். அங்கே நிறுத்தாமல் நட்டு முடுக்கும் மெஷினான கன் வைத்து அடித்தால் போல்ட்டின் மரை போய்விடும். நட்டு உட்காரும் வாய் கூம்பா உருண்டையா என்பதும் ரிம்முக்கு ரிம் மாறும்.

எனக்கே சூடு பட்ட கதை ஒன்று உண்டு. பல வருடம் முன்பு, என் பழைய காருக்கு ஒரு பழைய சாமான் கடையில் பளபளவென்று பெயின்ட் அடித்த அலாய் செட் வாங்கினேன். சர்வேயர் என்ற திமிர், பின்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. பேலன்சிங்கில் மூன்று சக்கரம் பத்து, பதினைந்து கிராம் ஈயக்கட்டியோடு சரியாகிவிட்டது. நான்காவது தொண்ணூறு கிராம் கேட்டது. பையன் என் முகத்தைப் பார்த்தான். பெயின்ட்டைச் சுரண்டினால் உள்ளே விரல் நீளத்துக்கு வெல்டிங். அன்றைக்கே அந்த நான்கையும் எடைக்குப் போட்டேன்.

சென்னை புதுப்பேட்டையோ கோவை உக்கடமோ, பழைய அலாய் வாங்குவது தப்பில்லை. பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும், உட்புறத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோ ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர எழுத்துகளோ இருக்கின்றனவா என்று தேட வேண்டும், பில் கேட்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் ஒன்றை வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் வாங்கியவரும் மாட்டுவார். பில் தர மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

ஆர்.டி.ஓ.வும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சக்கரம் பெரிதானதற்காக நாளையே யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் 2029-இல் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது கேள்வி வரலாம். விபத்து என்று வந்தால், என்னைப் போன்ற ஒரு சர்வேயர் வந்து முதலில் டயர் அளவைத்தான் குறித்துக்கொள்வார். தெரிவிக்காமல் செய்த மாற்றம் க்ளெய்மை இழுத்தடிக்க ஒரு காரணமாகிவிடும்.

இன்னொன்று, "டயர் வெடித்தால் இன்சூரன்ஸ் கொடுக்கும்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரண முழு பாலிசியில் டயர் மட்டும் கெட்டால் எதுவும் கிடைக்காது. அதே விபத்தில் காரும் சேதமாகியிருந்தால்தான், அதுவும் டயர் விலையில் பாதி. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் அதுவும் கிடையாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

இரும்பு ரிம்களை வைத்துக்கொண்டு ஐந்து புது டயர் வாங்குவேன். உங்கள் கடைக்காரர் சொன்ன 4,300 கணக்கில் 21,500. ஒரு ரிம், வால்வுகள், பேலன்சிங், அலைன்மென்ட் சேர்த்து 25,000 பக்கம் வரும். ஆர்.சி. முடியும் 2029 வரை அதன்பிறகு டயர் செலவு பெரிதாக இருக்காது. ஸ்விஃப்டின் இசட்எக்ஸ்ஐ மாடலுக்கு கம்பெனியே 185/70 ஆர்14 கொடுத்தது. மழையில் இன்னும் கொஞ்சம் பிடிப்பு வேண்டும் என்றால் அந்த அளவைப் போடலாம், விட்டத்தில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. மைலேஜ் லேசாகக் குறையும். ஆசைக்கு அலாய் வேண்டுமென்றால் பின்னால் ஒருநாள் அதே பதினான்கு இன்ச்சில் வாங்கி, இதே டயர்களை அதில் மாற்றிக்கொள்ளலாம்.

கையில் அவ்வளவு இல்லையென்றால் நான்கு வாங்குங்கள். 2017 டயர்களில் கீறல் குறைவானதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம், அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் ஐம்பதுக்கு மேல் போகாமல் ஓட்ட மட்டும். இரண்டுதான் முடியும் என்றால் அவை பின்சக்கரத்தில் போக வேண்டும். முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது, அதனால் புதுசு முன்னால் என்று கடையில் வாதாடுவார்கள். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு திருப்பிக்கொள்ளலாம். பின்பக்கம் சுழன்றால் பழகிய டிரைவருக்கே கை கொடுக்காது. அதை நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டீர்கள். ஆனால் மலைக்குப் போகிற உங்களுக்கு இரண்டோடு நிறுத்துவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பிராண்டு பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே. எல்லாருக்கும் சென்னையிலும் அதைச் சுற்றியும் ஆலைகள் இருக்கின்றன. தெரிந்த பெயர் எதுவானாலும் சரி. பெயர் கேள்விப்படாத இறக்குமதி டயரும், தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டி விற்பதும் வேண்டாம். அளவுக்குப் பக்கத்தில் 85 அல்லது அதற்கு மேல் எண் இருக்க வேண்டும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். தேதி ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு வருடம் தாண்டியிருந்தால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லை விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில்லில் அதைச் சரிபாருங்கள், டயர்களின் வரிசை எண்களையும் அதில் எழுதி வாங்குங்கள். தயாரிப்புக் குறை என்றால் மீதமிருக்கும் பட்டனைக் கணக்கிட்டுக் கம்பெனி ஈடு கொடுக்கும். கொடுக்காமல் இழுத்தடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள்.

பழைய ஐந்து டயர்களையும் கடையில் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் 2009 ஸ்டெப்னி அடுத்த வாரம் வேறு யாருக்கோ "புது டயர்" என்று போய்விடும். பக்கச்சுவரில் கத்தியால் ஒரு வெட்டு போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

புது டயரில் முதல் சில நூறு கிலோமீட்டர் மேல்பூச்சு வழவழப்பாக இருக்கும். கொடைக்கானல் பயணத்தை அதன்பிறகு வையுங்கள். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று வையுங்கள், காலையில் டயர் சூடேறும் முன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வேலை. டிக்கியில் இருக்கும் ஸ்பானரை எடுத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை நீங்களே தளர்த்திப் பாருங்கள். கன் வைத்து அடித்த நட்டு உங்கள் கைக்கு அசையாது. அசையாவிட்டால் எல்லாவற்றையும் தளர்த்தி, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கித் தரச் சொல்லுங்கள். பையன்கள் சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. ஆளில்லாத கொண்டை ஊசி வளைவில் ஜாக்கியைப் போட்டுவிட்டு நிற்கப்போவது நீங்கள்தானே.